வேடம் போட்டால் மனசு லேசாகுமா?

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "அந்தச் சண்டையை ஒருமுறை நடித்துத்தான் பாருங்களேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி நக்கல். ஆகவே இந்த இதழ் முழுக்க நாடகம்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டே நவீன நாடகத்துக்குப் போனவள் நான். அங்கிருந்து உளநாடகப் பயிற்சி (மனக்குறையை நடித்துப் பார்த்து ஆற்றும் முறை, ஆங்கிலத்தில் சைக்கோடிராமா), இப்போது சின்னச் சின்னக் குழுக்கள் நடத்துகிறேன். மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பலரும் பெயர் வேண்டாம் என்றதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஐ.டி. கம்பெனியில் 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' என்று ஒருநாள் கூட்டம் வைத்தார்கள். வந்தவர் மரம் மாதிரி நிற்கச் சொன்னார், குரங்கு மாதிரி குதிக்கச் சொன்னார். டீம் லீடர் குதித்ததைப் பார்த்துச் சிரித்தோம். சாயங்காலம் அதே டீம் லீடர், அதே திட்டு. இதுதான் நீங்கள் சொல்லும் நாடக சிகிச்சையா?
– கோவை வாசகர்

இல்லை தம்பி, அது விளையாட்டு. விளையாட்டில் தப்பேதும் இல்லை. எட்டு மணி நேரம் ஸ்கிரீனைப் பார்த்து இறுகிப்போன கழுத்துக்கு நல்லது. 2020ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முன்தயாரிப்பு இல்லாமல் 20 நிமிடம் சேர்ந்து நடித்தவர்களுக்கு மனநிலை சற்று மேம்பட்டதாகவும், அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலையைத் தாங்கும் தெம்பு கூடியதாகவும் பார்த்தார்கள். ஆனால் திட்டு வாங்கும் பிரச்சினையைக் குரங்குக் குதியல் தீர்க்காது.

நான் சொன்ன உளநாடகத்தின் மூலவர் ஜேக்கப் லெவி மொரேனோ என்ற மருத்துவர். 1889ல் புக்காரெஸ்டில் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர். 1920களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஒரு நாடக அரங்கு நடத்தினார். எழுதிய வசனம் கிடையாது. அன்றைய பேப்பரில் வந்த செய்தியை எடுத்துக்கொண்டு அப்படியே நடிப்பார்கள். அங்கே எப்போதும் சாதுவான பெண்ணாகவே நடிக்கும் ஒரு நடிகை இருந்தாள். அவள் கணவன் மொரேனோவிடம் வந்து புலம்பினான்: மேடையில் தேவதையாக நிற்கிறவள் வீட்டில் கத்துகிறாள், அடிக்கிறாள். மொரேனோ அடுத்த முறை அவளுக்குத் தெருவில் கொலையாகும் பாலியல் தொழிலாளி வேடம் கொடுத்தார். அவள் கத்திக் கூச்சலிட்டு நடித்தாள். வீட்டில் ரகளை குறைந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். மொரேனோ அங்கே நிறுத்தவில்லை. அடுத்து கணவனையும் மேடையில் ஏற்றி, இருவரையும் அவர்கள் வீட்டுக் காட்சிகளையே நடிக்க வைத்தார். கொட்டுவதை விட இந்த இரண்டாவது கட்டம்தான் முக்கியம் என்பது என் கட்சி. 1925ல் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1936ல் நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் என்ற ஊரில் மனநல மருத்துவமனை தொடங்கி, அதற்குள்ளேயே ஒரு மேடையையும் வைத்தார்.

உளநாடகக் குழுவில் மூன்று கட்டம் உண்டு. முதலில் உடம்பையும் மனசையும் சூடேற்றுவது. உங்கள் கம்பெனியில் நடந்தது அது மட்டும்தான். அப்புறம் ஒருவருடைய காட்சி மேடையேறும். கடைசியில் பகிர்வு. பகிர்வில் ஒரு கண்டிப்பான விதி: அட்வைஸ் கூடாது. "நீ இப்படிச் செய்திருக்கலாம்" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. "இதைப் பார்த்தபோது என் வாழ்க்கையில் இது ஞாபகம் வந்தது" என்று மட்டும் சொல்லலாம். நம் ஆட்களுக்கு மூன்றில் இதுதான் ஆகக் கஷ்டம். நடிக்கக்கூட வந்துவிடுவார்கள், அட்வைஸ் சொல்லாமல் இருக்க வராது.

இன்னொன்று. டீம் லீடர் உட்கார்ந்திருக்கும் அறையில் உங்கள் மனக்குறையை நடித்துக்காட்டச் சொல்லி யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். இன்கிரிமென்ட் போடுகிறவர் முன்னால் மனசைத் திறக்கச் சொல்வது வம்பை விலைக்கு வாங்குவது.

மாமியாருக்கும் எனக்கும் தினமும் ஏதாவது ஒன்று. கோபம் வந்தால் தலையணையை மாமியாராக நினைத்துக் குத்து, ஆத்திரம் தீர்ந்துவிடும் என்று தோழி சொன்னாள். குத்தினேன். குத்தக் குத்த இன்னும் எரிச்சல்தான் வருகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?
– சேலம் வாசகி

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை, தோழி சொன்ன வைத்தியத்தில்தான் கோளாறு. 2002ல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். கோபமூட்டப்பட்ட கல்லூரி மாணவர்களில் சிலரை, கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. அடிக்கிற மாதிரி நடிப்பதும் ஒத்திகைதான். தினமும் ஒத்திகை பார்த்தால் வேடம் கைவந்துவிடும், அவ்வளவுதான்.

நீங்கள் மருமகள் வேடத்தைப் போதுமான அளவு நடித்துவிட்டீர்கள். இனி மாமியார் வேடத்தை எடுங்கள். இதற்கு வேடமாற்றம் என்று பெயர். எப்படிச் செய்வது?

வீட்டில் யாரும் இல்லாத நேரம், அல்லது நம்பிக்கையான ஒரு தோழி வீட்டில், கடைசியாக நடந்த ஒரு சண்டையை மட்டும் எடுங்கள். பத்து வருஷக் கணக்கு வேண்டாம். காலை டிகாக்‌ஷன் நீர்த்துப்போனது என்று ஆரம்பித்த சண்டையாகவே இருக்கட்டும். முதலில் தோழி மாமியார், நீங்கள் நீங்கள். இரண்டு நிமிடம் போதும். நிறுத்துங்கள். இப்போது இடம் மாறுங்கள். வாயைத் திறப்பதற்கு முன்னால் உடம்பை மாற்றுங்கள்: அவர் அடுக்களை வாசலில் எப்படி நிற்பார், கதவு நிலையில் எந்தக் கையை ஊன்றிக்கொள்வார், முழங்கால் வலியில் எந்தக் காலுக்கு எடையைக் கொடுப்பார், மூக்குக் கண்ணாடிக்கு மேலே எப்படிப் பார்ப்பார். அப்படியே நின்றுகொண்டு, உங்கள் வேடத்தில் இருக்கும் தோழியைப் பாருங்கள். தோழி நீங்கள் சொன்ன வசனத்தை, நீங்கள் சொன்ன தொனியில் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி அத்தை, நாளைக்கு நீங்களே போடுங்க" என்பது அந்தப் பக்கம் நின்று கேட்கும்போது எப்படி இருக்கிறது என்று அப்போது தெரியும்.

என் குழுவில் இதைச் செய்த ஒரு பெண், மாமியாராக நின்ற மாத்திரத்தில், "இந்த வீட்டுல என் கையில மிச்சம் இருந்தது இந்தக் காபி ஒண்ணுதான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். யாரும் எழுதிக்கொடுத்த வசனம் இல்லை அது.

இதனால் மாமியார் மாறமாட்டார். அவர் செய்வது நியாயம் என்றும் ஆகிவிடாது. அடுத்த நாள் காலை உங்கள் பதில் மட்டும் வேறு மாதிரி வரலாம். அப்புறம் ஓர் எல்லை: உங்களை அடிக்கிறவர், துன்புறுத்தியவர் யாரானாலும் அவர் வேடத்தை இப்படி வீட்டில் எடுக்காதீர்கள். அவரைப் புரிந்துகொள்ளும் கடமை உங்களுக்கு இல்லை.

2021 கொரோனாவில் அப்பா போய்விட்டார். முகம்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் இருந்தது, பேசித் தீர்க்கவில்லை. இன்றுவரை அழுகை வரவில்லை. காலி நாற்காலியை வைத்து இறந்தவரோடு பேசும் முறை இருக்கிறதாமே? நானே செய்து பார்க்கலாமா?
– திருச்சி வாசகர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். செய்யலாமா என்பதற்கு முன், என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி ஆட்களையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நாற்பது வயது தாண்டிய ஒருவர். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். தம்பிக்கு இன்ஜினீயரிங் சீட்டுக்குப் பணம் கட்டினார், மூத்தவரான இவரைப் பட்டறையில் உட்கார வைத்தார். அப்பா போய் ஆண்டுகள் ஆன பிறகும் அது இவருக்குள் முள்ளாக இருந்தது. குழுவின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "அப்பா எப்படி உட்காருவார்?" என்று கேட்டேன். எழுந்து போய் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினார். "யாரையும் நேரா பார்த்து உட்கார மாட்டார். வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்." திருப்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் சொல்லவில்லை.

பேசச் சொன்னேன். "சாப்பிட்டியாப்பா" என்று ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் சீட்டு, பணம், தம்பி எல்லாம் வந்தது, சத்தமும் ஏறியது. ஒரு கட்டத்தில் நிறுத்தி, அந்த நாற்காலியில் அவரையே உட்கார வைத்தேன். இப்போது அவர்தான் அப்பா. உட்கார்ந்ததும் கை சட்டைப் பையைத் தடவியது. கண்ணாடிக் கூட்டைத் தேடுகிறார். "பெரியவரே, பையன் இவ்வளவு கேட்டானே, என்ன சொல்றீங்க?" என்றேன். வாசலைப் பார்த்தபடியே சொன்னார்: "பணம் ஒருத்தனுக்குத்தான் இருந்தது. இவன் சமாளிச்சுக்குவான்னு தோணுச்சு. அதை இவன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்தது."

அந்த அப்பா உண்மையில் அப்படி நினைத்தாரா? யாருக்குத் தெரியும்! ஆவி வந்து பேசவில்லை, பேசியது மகன். ஆனால் அப்படியும் இருந்திருக்கலாம் என்ற நினைப்பை அவர் அதுவரை ஒருமுறைகூட அருகில் விட்டதில்லை. கோபமாக நின்றுகொண்டு அந்த நினைப்புக்கு வர முடியாது. அப்பா மாதிரி உட்கார்ந்தபோது வந்தது. இந்த முறையில் இருக்கும் மாயம் இவ்வளவுதான். காலி நாற்காலியைப் பலரும் ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற மருத்துவரோடு சேர்த்துச் சொல்வார்கள். பிரபலமாக்கியவர் அவர், ஆரம்பித்தவர் மொரேனோ.

முடிந்ததும் அவரைத் திரும்பத் தன் இடத்தில் நிற்க வைத்து, தன் பெயர், தொழில், மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்றெல்லாம் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். நாற்காலியை அவர் கையாலேயே சுவரோரம் கொண்டுபோய்ப் போட வைத்தேன். வேடத்தைக் களைவது என்பது இது. இதை விட்டுவிட்டால் ஆள் பாதி அப்பாவாகவே பஸ் ஏறிப் போவார்.

இப்போது உங்களுக்கு. தனியாக, ராத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள். முகம் பார்க்காமல் போன சாவு வேறு வகைக் கனம். முதல் படியாக அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சில நாள் கழித்து, அவர் உங்களுக்கு எழுதும் பதிலை, அவர் எழுதுகிற நடையில், நீங்களே எழுதுங்கள். "மகனுக்கு ஆசீர்வாதம்" என்று ஆரம்பிப்பவரா, நேராக விஷயத்துக்கு வருபவரா என்று உங்களுக்குத்தான் தெரியும். இதுவும் வேடமாற்றமே, வேகம் குறைவு. அதற்கு மேல் போக வேண்டும் என்று தோன்றினால், பயிற்சி உள்ள ஆலோசகர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியைப் போடுங்கள். தூக்கம் கெட்டால், பழைய காட்சிகள் பிடித்து ஆட்டினால், எழுதுவதையும் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அழுகை வரவில்லையே என்று மட்டும் கவலைப்படாதீர்கள். அது பாசத்தின் அளவுகோல் இல்லை.

அம்மா, நாங்கள் தாத்தன் காலத்திலிருந்து கூத்துப் பார்க்கிறவர்கள். துகிலுரிதலில் அழாத பொம்பளை உண்டா? சாவு வீட்டில் ஒப்பாரி வைத்து ஆற்றிக்கொள்ளாத ஊர் உண்டா? வெள்ளைக்காரன் பெயர் சொன்னால்தான் சிகிச்சையா?
– செய்யாறு வாசகர்

ஐயா, உங்கள் கோபத்தில் முக்கால் பங்கு நியாயம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே நடப்பது உடம்பில்தான் தெரியும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம் கேட்டு, ராத்திரி கூத்துப் பார்த்து, கடைசியில் படுகளத்தில் மண் துரியோதனன் மல்லாந்து கிடப்பதையும் அம்மன் கூந்தல் முடிவதையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் கலையும். ஓர் ஊரே சேர்ந்து துக்கத்தையும் ஆத்திரத்தையும் தொடங்கி, நடத்தி, முடித்து வைக்கும் ஏற்பாடு அது.

எனக்குக் கூத்தில் பெரிய ஆசான் அர்ச்சுனனும் இல்லை, கர்ணனும் இல்லை, கட்டியங்காரன். ராஜா அட்டகாசமாகத் திரைக்குப் பின்னாலிருந்து வருவார். இவன் பக்கத்தில் நின்று, "என்ன ராஜா, கிரீடம் சாயுதே" என்பான். கதைக்குள்ளும் இருப்பான், சட்டென்று வெளியே வந்து முன்வரிசைத் தலைவரையும் கிண்டல் பண்ணுவான். பார்க்கிறவன் கதையில் அடித்துக்கொண்டு போகப்போகும் நேரத்தில் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்துவான். அமெரிக்க நாடக சிகிச்சையாளர் ராபர்ட் லாண்டி பக்கம் பக்கமாக எழுதியது ஏறத்தாழ இதைத்தான்: உணர்ச்சியில் முழுக்க மூழ்கினாலும் பயன் இல்லை, கல் மாதிரி ஒதுங்கி நின்றாலும் பயன் இல்லை, அழுதுகொண்டே தான் அழுவதைப் பார்க்கவும் முடிகிற தூரம் வேண்டும். என் குழுவில் யாராவது தன் காட்சியில் சிக்கித் திணறினால், இன்னொருவரைக் கட்டியங்காரனாக உள்ளே அனுப்புவேன். மொரேனோ இதைச் செய்யவில்லை, செய்யாறு பக்கம் பார்த்துக் கற்றது.

துகிலுரியும் கட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். கற்பூரம் ஏற்றி, துச்சாதனன் வேடக்காரர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். நடிக்கிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் சேர்த்துப் போட்ட பாதுகாப்பு அது. விடிந்ததும் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு டீக்கடையில் நிற்கும் துரியோதனன், வேறு மனுஷன்.

இனி மீதிக் கால் பங்கு. கூத்தில் வருவது பாஞ்சாலியின் கதை. அவளுக்காக அழுதுவிட்டு வீட்டுக்குப் போகும் பெண், தன் கதையை வாய் திறந்து சொல்ல அங்கே இடமில்லை. அவளுடைய கதையே மேடையேறி, அதில் அவள் வேறொரு பதில் சொல்லிப் பார்க்கும் வாய்ப்புதான் புதிது. ஒப்பாரியில் அந்த இடம் ஓரளவு உண்டு. செத்தவர் பெயரைச் சொல்லி, உயிரோடு இருக்கும் புருஷனையும் கொழுந்தனையும் அங்கே ஒரு பிடி பிடித்துவிடுவார்கள். அதுவும் இப்போது ஒலிப்பெருக்கியில் வாடகைக்கு வருகிறது.

அம்மா 2009இல் வன்னியில் இருந்து தப்பி வந்தவ. அதைப்பற்றி ஒன்றும் கதைக்கமாட்டா. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் போர் அனுபவங்களை நாடகமாகப் போடப்போகிறோம். அம்மாவையும் அதில் நடிக்கவைத்தால் மனம் ஆறுமா?
– டொராண்டோ வாசகி

வேண்டாம் பிள்ளை. அவராகக் கேட்டால் பார்க்கலாம். மேடைக்காக ஒருவருடைய காயத்தைத் திறந்துவிட்டு, கைத்தட்டல் முடிந்ததும் எல்லோரும் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அன்று இரவு அவரோடு யார் இருப்பார்கள்? பேசாமல் இருப்பதும் அவர் இத்தனை வருஷம் தன்னைக் காத்துக்கொண்ட ஒரு வழி.

இதில் உங்கள் மண்ணிலிருந்தே கற்க இருக்கிறது. மட்டக்களப்பில் 1996ல், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து போர் பாதித்த பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, பாட்டு, நாடகம். போர் தானாக ஒரு பூதமாகவோ மிருகமாகவோ கதைக்குள் வந்தால் வரும். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், க. சிதம்பரநாதன் போன்றவர்கள் போர் நடந்துகொண்டிருந்தபோதே அரங்கை ஊர்களுக்குள் ஆற்றுப்படுத்தலாகக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சனங்களோடு சேர்ந்து ஆடிப் பாடுவதுதான் முதலில்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. 1975ல் அமெரிக்காவில் ஜொனாதன் ஃபாக்ஸ், ஜோ சாலஸ் இருவரும் தொடங்கிய ஒரு வகை அரங்கு இருக்கிறது. பார்க்க வந்தவர் ஒருவர் தன் கதையைச் சொல்வார், நடிகர்கள் அதை அங்கேயே நடித்துக் காட்டுவார்கள், சொன்னவர் உட்கார்ந்து பார்ப்பார். அதை வீட்டில் செய்யுங்கள். சின்னக் கதையில் ஆரம்பியுங்கள்: அம்மா முதன்முதலில் ஸ்னோவில் வழுக்கியது, சின்ன வயதில் திருவிழாவில் தொலைந்தது. பேரப்பிள்ளைகள் நடிக்கட்டும், அம்மா நல்ல நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். முடிந்ததும், "சரியா நடிச்சோமா அம்மம்மா?" என்று கேட்க வேண்டும். அவர் திருத்துவார். "இல்லை, ஐயா அப்படிச் சிரிக்கமாட்டார்" என்பார். அவர் கதைக்குச் சொந்தக்காரர் அவர்தான் என்று ஆகிறதே, அது பெரிய விஷயம். மற்றது வந்தால் வரட்டும். வந்து, தாங்க முடியாமல் போனால், தமிழ் பேசும் உளவியல் ஆலோசகர்கள் டொராண்டோவில் இருக்கிறார்கள்.

வயது 23. இன்டர்வியூ அறைக்குள் போனால் வாய் உலர்ந்துவிடுகிறது. தெரிந்த பதிலும் வருவதில்லை. 'தைரியமான பெண்ணாக நடி, நாளடைவில் தைரியம் வந்துவிடும்' என்கிறார் அண்ணன். நடந்தால் சரி. நடக்குமா?
– விருதுநகர் வாசகி

அண்ணன் சொல்வதில் பாதி ஜார்ஜ் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1955லேயே எழுதியது. ஆனால் கெல்லி, கூச்சப்படுகிறவளைத் தைரியசாலியாக நடிக்கச் சொல்லவில்லை. நேர் எதிர் வேடம் கொடுத்தால் ஆள் ஒவ்வொரு நிமிடமும் தோற்றுக்கொண்டே இருப்பாள்.

அவர் முறை இப்படி: உங்களை நன்றாகத் தெரிந்த, உங்கள்மேல் அன்புள்ள ஒரு தோழி எழுதுவது போல உங்களைப் பற்றிப் படர்க்கையில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு, சிகிச்சையாளர் வேறொரு பெயரில் புதிய ஆளை எழுதித் தருவார். உங்கள் கூச்சத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு குணத்தைச் சுற்றி அவளைக் கட்டுவார். உதாரணத்துக்கு, எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்வதில் தீராத ஆர்வம் உள்ளவள். இரண்டு வாரம் போல யாருக்கும் சொல்லாமல் அவளாக இருந்து பார்க்க வேண்டும். அவள் எப்படி டிக்கெட் வாங்குவாள், எப்படி போன் எடுப்பாள் என்று. பிடிக்காவிட்டால் கழற்றிப் போட்டுவிடலாம், வெறும் வேடம்தானே.

இன்டர்வியூவுக்கு நேரடி ஒத்திகையும் பாருங்கள். அண்ணனே உதவட்டும். முதல் சுற்றில் நீங்கள்தான் கேள்வி கேட்கும் அதிகாரி, அண்ணன் நடுங்கும் பெண். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், அதிகாரிக்கும் பசி இருக்கிறது, சீக்கிரம் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுந்தால் போதும் என்று இருக்கிறது என்பது புரியும். அப்புறம் இடம் மாறி, அண்ணன் எரிச்சலான அதிகாரியாக நடிக்கட்டும். வாய் உலர்ந்தால் நிறுத்தி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் சார்" என்ற வரியையும் ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். அண்ணன் இடையில் அட்வைஸ் செய்ய ஆரம்பித்தால், வேடம் கலைகிறது என்று சொல்லி வாயை மூடச் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா. மாத்திரையில் நன்றாக இருக்கிறான். 'நாடகத்தாலேயே குணப்படுத்துகிறோம், மூன்று நாள் முகாம், மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று ஒருவர் கூப்பிடுகிறார். அனுப்பலாமா?
– தஞ்சை வாசகி

அனுப்பாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடம் எதுவானாலும் அனுப்பாதீர்கள். எது உள்ளே கேட்கும் குரல், எது வெளியே உள்ளது என்பதே ஒருவருக்குத் தடுமாறும்போது, இன்னொரு ஆளாக மாறச் சொல்வது விபரீதத்தில் முடியலாம். மனநல மருத்துவமனைகளில் நாடகம் பயன்படுகிறதே என்று கேட்பீர்கள். பயன்படுகிறது, மருந்தோடு, மருத்துவர் தெரிந்து, நோய் கட்டுக்குள் இருக்கும்போது, கதை படிப்பது, கூடிப் பாடுவது, கடையில் பேரம் பேசிப் பழகுவது போன்ற எளிய அளவில்.

மற்றவர்களும் கேட்டிருப்பதால் சேர்த்துச் சொல்கிறேன். குழுவில் சேருமுன், நடத்துகிறவர் எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார், நடுவில் எழுந்து போக விடுவாரா, காட்சியை வீடியோ எடுப்பாரா என்று கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் வந்துவிடுங்கள். மனநலம் பற்றி அவசரமாகப் பேச வேண்டுமானால், 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

என் ஐந்து வயதுப் பேத்தி பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடுகிறாள். 'அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவ சொல்றது?' என்று அடி பின்னுகிறாள். குரல் அப்படியே என் மகளுடைய குரல். கவலைப்பட வேண்டுமா?
– கும்பகோணம் வாசகி

பேத்தி ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திட்டு வாங்கும் இடத்திலிருந்து திட்டும் இடத்துக்கு மாறிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். நான் காசு வாங்கிக்கொண்டு பெரியவர்களுக்குச் சொல்லித்தருவதை அவள் சும்மாவே செய்கிறாள்.

வேடத்துக்குக் குழந்தைகளிடம் இருக்கும் சக்தி தனி. 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்திலேயே விளையாட ஒரு டேப்லெட்டையும் வைத்தார்கள். பேட்மேன் போன்ற பாத்திரமாகத் தன்னை நினைத்துக்கொண்டு, "பேட்மேன் ஒழுங்கா வேலை செய்யறானா?" என்று கேட்டுக்கொண்ட பிள்ளைகள், மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நின்றார்கள். உங்கள் பேத்தி வீட்டுப்பாடத்துக்கு அடம்பிடித்தால் இதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

டீச்சர் விளையாட்டை நிறுத்தாதீர்கள். நீங்களும் ஒரு பொம்மையாகப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். அடி விழும்போது, "டீச்சர், எனக்கு நிஜமாவே புரியலை, மெதுவா சொல்லித் தரீங்களா?" என்று கேளுங்கள். டீச்சர் என்ன செய்கிறார் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது. மகளிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேத்தியைக் கூப்பிட்டு, "அம்மா மாதிரி திட்டிக் காட்டு" என்று எல்லோர் முன்னாலும் நடிக்கவிடாதீர்கள். மகள் தனியாக இருக்கும்போது, காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.